முன் பிரேக்கைத் தொடாதே என்று சொன்னவர்கள்

நம்மூரில் பைக் ஓட்டக் கற்றுக்கொண்ட யாரைக் கேட்டாலும் கதை ஏறக்குறைய ஒன்றுதான். ஊருக்கு வெளியே ஒரு மைதானம், ஒரு ஞாயிற்றுக்கிழமை, பின்சீட்டில் மாமாவோ சித்தப்பாவோ பக்கத்துத் தெரு அண்ணனோ. கிளட்சை மெதுவாக விடு என்பார். விட்டதும் வண்டி ஒரு குதி குதித்து ஆஃப் ஆகும். நாலைந்து முறை ஆஃப் ஆனபின் எப்படியோ நகரும். இரண்டாவது கியரில் ஒரு சுற்று வந்துவிட்டால் 'வந்துடுச்சு, அவ்ளோதான்' என்று பாடத்தை முடித்துவிடுவார்கள். எனக்கு நடந்த பாடம் மொத்தம் ஒன்றரை மணி நேரம். மாமா இரண்டே அறிவுரைதான் சொன்னார். ஹாரன் அடித்துக்கொண்டே போ. முன் பிரேக்கைத் தொடாதே, தூக்கி அடித்துவிடும்.

பல ஆண்டுகள் கழித்து அமெரிக்காவில் பைக் உரிமம் வாங்க வேண்டியிருந்தது. அதற்காக ஒரு தொடக்கநிலைப் பாதுகாப்பு வகுப்பில் சேர்ந்தேன். ஒரு வார இறுதி, காலியான வாகன நிறுத்துமிடம், தரையில் பெயின்ட் கோடுகள், பிளாஸ்டிக் கூம்புகள். இரண்டாம் நாள் காலை முழுக்கப் பயிற்றுநர் என்னைப் பார்த்துக் கத்திய ஒரே சொல்: முன் பிரேக்! முன் பிரேக்! பத்து வருடமாக வண்டி ஓட்டியவன் அந்த வகுப்பிலேயே மோசமாக நிறுத்துகிறவனாக இருந்தேன். என் பக்கத்தில் நின்ற பெண் அதற்கு முந்தைய நாள்தான் வாழ்க்கையில் முதல்முறையாக கிளட்சைத் தொட்டவர். அவர் என்னைவிடக் குறைந்த தூரத்தில் வண்டியை நிறுத்தினார்.

மாமா சொன்னதற்கும் பயிற்றுநர் கத்தியதற்கும் நடுவே ஒரு பெரிய ஆய்வு இருக்கிறது. இந்த மாதிரி வகுப்புகள் எதைக் கற்றுத் தருகின்றன, ஏன் அதைக் கற்றுத் தருகின்றன என்று புரிய அங்கிருந்து தொடங்குவதே வசதி.

அமெரிக்காவில் மோட்டார்சைக்கிள் சேஃப்டி ஃபவுண்டேஷன் என்ற அமைப்பு 1973இல் தொடங்கப்பட்டது. தொடங்கியவர்கள் வண்டி தயாரிக்கும் நிறுவனங்கள். விற்ற வண்டியில் ஏறியவர்கள் கொத்துக்கொத்தாக விழுந்துகொண்டிருந்தால் வியாபாரத்துக்கும் நல்லதில்லையே. இன்று அமெரிக்காவின் பல மாநிலங்களில் நடக்கும் தொடக்கநிலை வகுப்பு இவர்களுடைய பாடத்திட்டம்தான். ஆனால் அந்த வகுப்பின் தேவையை எண்களோடு நிறுவியது வேறொருவர். தென் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் ஹாரி ஹர்ட்டும் அவருடைய குழுவும் 1970களின் பிற்பகுதியில் லாஸ் ஏஞ்சலஸ் பகுதியில் நடந்த 900 பைக் விபத்துகளை அந்தந்த இடத்துக்கே போய் ஆராய்ந்தார்கள். டயர் தேய்ந்த தடம், உடைந்த ஹெல்மெட், வண்டி விழுந்த கோணம் என்று ஒவ்வொன்றாகப் பதிவு செய்தார்கள். இன்னும் 3,600 விபத்துகளின் போலீஸ் அறிக்கைகளையும் அலசினார்கள். 1981இல் அறிக்கை வெளிவந்தது. ஹர்ட் ரிப்போர்ட் என்றால் இன்றும் அங்கே பைக்காரர்களுக்குத் தெரியும்.

அதில் விபத்தில் சிக்கியவர்களில் 92 விழுக்காட்டினர் முறையான பயிற்சி எதுவும் இல்லாதவர்கள். தானாகவோ, வீட்டாரிடமோ, நண்பர்களிடமோ கற்றவர்கள். அதாவது அங்கேயும் மாமாக்கள்தான். வேகம்தான் கொல்கிறது என்று நாம் நினைப்போம். ஆனால் விபத்துக்கு முந்தைய கணத்தில் அவர்களுடைய வேகத்தின் இடைநிலை மணிக்கு 48 கிலோமீட்டருக்குப் பக்கம்தான். மோதும்போது அது 35 ஆகக் குறைந்திருந்தது. ஆபத்து கண்ணில் பட்டதிலிருந்து மோதும்வரை ஓட்டுநருக்குக் கிடைத்த நேரம் பெரும்பாலும் இரண்டு விநாடிக்கும் குறைவு. அந்த இரண்டு விநாடியில் அவர்கள் செய்தது என்ன? பின் பிரேக்கை மிதித்துப் பின்சக்கரத்தைச் சறுக்கவிட்டார்கள். முன் பிரேக்கைப் போதுமான அளவு பிடிக்கவில்லை. வண்டியைச் சட்டென ஒடித்து விலகும் திறமை அவர்களிடம் கிட்டத்தட்ட இல்லவே இல்லை என்கிறது அறிக்கை.

எனக்கு அதில் பிடித்த எண் இன்னொன்று. சிக்கியவர்களில் பாதிப்பேருக்கும் மேல் அந்தக் குறிப்பிட்ட வண்டியில் ஐந்து மாத அனுபவம்கூட இல்லை. ஆனால் சாலையில் பைக் ஓட்டிய மொத்த அனுபவம் சராசரியாக ஏறக்குறைய மூன்று ஆண்டு. ஓட்டத் தெரிந்தவர்கள்தான், கைக்குப் பழகாத வண்டி. நண்பனின் புது பைக்கை 'ஒரு ரவுண்டு' என்று வாங்கிப் போகிறவர்கள் கவனிக்க வேண்டிய எண் இது.

சரி, முன் பிரேக்குக்கு வருவோம். பஸ்ஸில் நின்றுகொண்டு போகும்போது டிரைவர் பிரேக் அடித்தால் எல்லோரும் முன்னால் சாய்கிறோம். பைக்கிலும் அதேதான் நடக்கிறது. பிரேக் பிடித்த கணத்தில் எடையின் பெரும்பகுதி முன்னால் போகிறது. முன் டயர் தரையில் அழுந்துகிறது, பின் டயர் லேசாகிறது. லேசான சக்கரத்தின் பிரேக்கை எவ்வளவு மிதித்தாலும் அது சுழலாமல் பூட்டிக்கொண்டு சறுக்குமே தவிர வண்டி சீக்கிரம் நிற்காது. அழுந்திய சக்கரம்தான் நிறுத்தும். நிறுத்தும் சக்தியில் 70 விழுக்காடோ அதற்கு மேலோ முன்சக்கரத்தினுடையது என்று வகுப்பில் சொல்லித் தருகிறார்கள்.

கணக்காகவே பார்க்கலாம். 60 கிலோமீட்டர் வேகத்தில் போகும் வண்டி ஒரு விநாடிக்கு ஏறக்குறைய 17 மீட்டர் நகர்கிறது. ஆபத்தைப் பார்த்து கையும் காலும் வேலை செய்யத் தொடங்க ஒரு விநாடி என்றால் அந்த 17 மீட்டர் போய்விட்டது. அதன்பின் காய்ந்த தார்ச்சாலையில் பின் பிரேக் மட்டும் போட்டால் வண்டி நிற்க இன்னும் 40 மீட்டர் அளவுக்கு வேண்டும். இரண்டு பிரேக்கையும் சரியாகச் சேர்த்துப் பிடித்தால் 20 மீட்டரில் நிற்கும். மிச்சமாகும் அந்த 20 மீட்டர் இரண்டு பஸ் நீளம் இருக்கும்.

மாமா பொய் சொல்லவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். ஹேண்டில்பார் திரும்பியிருக்கும்போது, மெதுவாகப் போகும்போது, ஓரத்து மணலில், மழை பெய்த முதல் பத்து நிமிடத்தில், முன் பிரேக்கைச் சடாரென்று அழுத்தினால் வண்டி கீழே போக வாய்ப்பு அதிகம். அவர் அப்படி ஒருமுறை விழுந்திருப்பார். அந்தத் தழும்பிலிருந்து வந்த அறிவுரை அது. தவறு என்னவென்றால், 'எப்படிப் பிடிப்பது' என்ற பாடம் 'பிடிக்கவே பிடிக்காதே' என்று சுருங்கிவிட்டது. வகுப்பில் இதைத்தான் பிரித்துக் கற்றுத் தருகிறார்கள். முதலில் வண்டியை நேராக்கு. பிறகு லீவரை எலுமிச்சம்பழம் பிழிவதுபோல மெதுவாகத் தொடங்கி இறுக்கிக்கொண்டே போ. முன்சக்கரம் பூட்டினால் உடனே விட்டுவிட்டு மறுபடி பிடி. இதைச் சொல்லக் கேட்பதில் ஒரு பயனும் இல்லை. விரல் அதைச் செய்ய வேண்டும். அதனால்தான் கூம்புக்கு நடுவே 30 கிலோமீட்டர் வேகத்தில் வந்து நிறுத்து, திரும்பி வா, மறுபடி நிறுத்து என்று வெயிலில் சலிக்கச் சலிக்கச் செய்ய வைக்கிறார்கள்.

வகுப்பின் அமைப்பு எளிது. சில மணி நேரம் பாடம், ஏறக்குறைய பத்து மணி நேரம் வண்டி. வண்டி அவர்களே தருவார்கள். பெரும்பாலும் 250 சிசி அளவிலான சின்ன பைக், பலமுறை விழுந்து எழுந்தது, இன்டிகேட்டர் ஒடிந்து ஒட்டியது. ஹெல்மெட், முழுக்கைச் சட்டை, கையுறை, கணுக்காலை மூடும் ஷூ இல்லாமல் உள்ளே விடமாட்டார்கள். முதல் ஒரு மணி நேரம் நாம் எதிர்பார்க்காத பாடம். வண்டியில் உட்கார்ந்து, இரண்டு காலையும் தரையில் ஊன்றி, கிளட்சைக் கொஞ்சம் விட்டு அரை அடி முன்னே போ, பிடித்துப் பின்னே வா. மறுபடி. ஆக்சிலரேட்டரைக்கூடத் தொட வேண்டாம். நாம் ஹாஃப் கிளட்ச் என்று சொல்லும் அந்த இடம் எங்கே தொடங்குகிறது என்பதை இடது கை தெரிந்துகொள்ளும்வரை வேறெதுவும் கிடையாது. என் மாமா அரை நிமிடத்தில் கடந்துபோன பாடம் இது.

இன்னொரு சின்ன விஷயம், மணிக்கட்டு. புதியவர்கள் ஆக்சிலரேட்டரைப் பிடிக்கும்போது மணிக்கட்டு மேலே தூக்கியிருந்தால், வண்டி சட்டென்று நகர்ந்து உடம்பு பின்னால் சாயும்போது கை தானாகவே இன்னும் முறுக்கிவிடும். வண்டி இன்னும் பாயும், உடம்பு இன்னும் சாயும். சுவரில் போய் மோதும் புதுப் பழகுநர்களின் கதை பெரும்பாலும் இதுதான். மணிக்கட்டைத் தாழ்த்தித் தட்டையாக வைத்துக்கொண்டால் அந்தச் சுழல் தொடங்குவதில்லை. கூடவே ஒரு விதியும் உண்டு: எது நடந்தாலும் முதலில் கிளட்சை முழுக்கப் பிடி. இன்ஜின் எவ்வளவு கத்தினாலும் சக்கரத்துக்குச் சக்தி போகாது.

பிறகு கண். வளைவில் எங்கே போக வேண்டுமோ அங்கே பார், தலையைத் திருப்பிப் பார் என்று பயிற்றுநர் ஓயாமல் சொல்வார். சைக்கிள் கற்றபோது குழியையே பார்த்துக்கொண்டு போய்க் குழியிலேயே விழுந்தவர்களுக்கு இது புரியும். பார்வை போகும் பக்கம் வண்டி போகும். அதனால் எதிரே நிற்கும் லாரியைப் பார்க்காமல் லாரிக்குப் பக்கத்தில் இருக்கும் இடைவெளியைப் பார்க்கப் பழக வேண்டும். பயந்தவன் கண் லாரியை விட்டு நகராது. அதுதான் சிக்கல்.

விலகுவது இன்னும் வினோதமான பாடம். இருபது கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டிய பைக்கை இடப்பக்கம் சாய்க்க ஹேண்டில்பாரின் இடப்பக்கத்தை முன்னோக்கித் தள்ள வேண்டும். அதாவது சக்கரம் ஒரு கணம் வலப்பக்கம் திரும்புகிறது, வண்டி இடப்பக்கம் சாய்கிறது. கேட்டால் தலைகீழாகத் தோன்றும். ஆனால் நாம் எல்லோரும் தெரியாமலே இதைச் செய்துகொண்டுதான் இருக்கிறோம். விமானம் செய்த ரைட் சகோதரர்கள் அதற்கு முன் சைக்கிள் கடை வைத்திருந்தவர்கள். அவர்களில் வில்பர் பல சைக்கிள்காரர்களிடம் எப்படித் திரும்புகிறீர்கள் என்று கேட்டுப் பார்த்திருக்கிறார். முதலில் எதிர்ப்பக்கம் லேசாகத் திருப்புகிறோம் என்று கேட்டவுடன் ஒருவரும் சரியாகச் சொல்லவில்லை. தெரியாமல் செய்வது சாதாரண வளைவுக்குப் போதும். முன்னால் நாய் பாயும்போது போதாது, அப்போது தெரிந்தே தள்ள வேண்டும். வகுப்பில் இதற்கென்று ஒரு பயிற்சி உண்டு. நேராக வந்து, தடை என்று குறித்த இடத்துக்குச் சற்று முன்பாக ஒரு தள்ளு, உடனே எதிர்த் தள்ளு. விலகும்போது பிரேக் போடக் கூடாது. ஒரே டயரிடம் இரண்டு வேலை கேட்டால் இரண்டையும் செய்யாது.

இத்தனையும் சொன்னபிறகு இந்த வகுப்பைப் பெரிதாகப் புகழ்ந்துவிட்டுப் போகலாம்தான். ஆனால் அதன் குறை கண்ணெதிரே இருக்கிறது. இரண்டு நாளும் வண்டி அந்த நிறுத்துமிடத்தைவிட்டு வெளியே போகவே இல்லை. கியர் இரண்டு, மிஞ்சினால் மூன்று. ஹர்ட் அறிக்கையில் மிக அதிகமாக வந்த விபத்து, எதிரே வந்த கார் பைக்கைக் கவனிக்காமல் குறுக்கே திரும்பியது. கூம்புகள் யாருக்கும் குறுக்கே திரும்புவதில்லை. சாலையில் எதிராளியின் முன்சக்கரம் எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது, கார் ஜன்னல் வழியே ஓட்டுநரின் தலை நம் பக்கம் இருக்கிறதா என்றெல்லாம் படிக்கும் திறமையை வகுப்பறையில் படம் காட்டிச் சொல்கிறார்கள். படம் படம்தான்.

பிரிட்டன் இந்த விஷயத்தில் கொஞ்சம் மேல். அங்கே 1990 டிசம்பரிலிருந்து தொடக்கநிலைப் பயிற்சி சட்டப்படி கட்டாயம். அதில் குறைந்தது இரண்டு மணி நேரம் உண்மையான சாலையில், பயிற்றுநர் பின்தொடர, ஓட்டியாக வேண்டும். முடித்தாலும் முழு உரிமம் கிடையாது. 125 சிசிக்கு மேல் தொடக் கூடாது, எல் பலகை மாட்ட வேண்டும், சான்றிதழ் இரண்டு ஆண்டுதான் செல்லும். சிங்கப்பூரில் இன்னும் படிப்படியாக. 200 சிசி வரை ஓர் உரிமம், 400 வரை அடுத்தது, அதற்கு மேல் மூன்றாவது. ஒவ்வொரு படிக்கும் நடுவே குறைந்தது ஓர் ஆண்டு காத்திருக்க வேண்டும். அங்குள்ள நம் ஆட்களிடம் கேட்டால் குறுகிய பலகைமேல் வண்டியை மெதுவாக விழாமல் ஓட்டும் சோதனையைப் பற்றிப் புலம்பித் தீர்ப்பார்கள். பதினெட்டு வயதில் நேராக ஷோரூமுக்குப் போய் 350 சிசி எடுத்துவரும் நம்மூர் வழக்கத்தை அவர்களிடம் சொன்னால் நம்புவதற்குக் கொஞ்சம் நேரமாகும்.

நம்மூரில் நடப்பது எட்டு. ஆர்டிஓ ஆபீஸ் மைதானத்தில் காலைக் கீழே ஊன்றாமல் எட்டு போட்டுக் காட்டினால் உரிமம். எட்டு ஒன்றும் வீண் சோதனையல்ல. ஹாஃப் கிளட்சும் சமநிலையும் பார்வையும் இல்லாமல் எட்டு வராது. அமெரிக்க வகுப்பிலும் ஒரு பெட்டிக்குள் இரண்டு முறை முழுசாகத் திரும்பும் பயிற்சி உண்டு, அங்கே எல்லோரும் அஞ்சுவது அதற்குத்தான். நம் ஆட்களுக்கு அது அல்வா. நான் மதிப்பெண் இழக்காத ஒரே இடம் அதுதான். ஆனால் எட்டு சோதிப்பது நடக்கும் வேகத்தில் விழாமல் இருப்பதை. யாரும் அந்த வேகத்தில் சாவதில்லை. வேடிக்கை என்னவென்றால், மத்திய மோட்டார் வாகன விதிகள் 1989இன் 15ஆம் விதியில், தேர்வின்போது அவசரமாக வண்டியை நிறுத்திக் காட்டுவதும் எழுதப்பட்டிருக்கிறது. எழுத்தில் இருப்பது மைதானத்துக்கு வரவில்லை.

2022இல் இந்தியச் சாலைகளில் 1,68,491 பேர் இறந்தார்கள் என்கிறது ஒன்றிய அரசின் கணக்கு. அவர்களில் 44.5 விழுக்காடு இருசக்கர வாகனங்களில் சென்றவர்கள். அதே ஆண்டில் எண்ணிக்கை அளவில் அதிக விபத்துகள் பதிவான மாநிலம் தமிழ்நாடு.

அப்படியானால் எல்லோரையும் இப்படி ஒரு வகுப்புக்கு அனுப்பிவிட்டால் சரியாகிவிடுமா? இங்கேதான் பயிற்சி ஆர்வலர்கள் சற்று மௌனமாகிவிடுவார்கள். 2010இல், மருத்துவ, சுகாதார ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு உலகெங்கும் பைக் பயிற்சி பற்றி நடந்த 23 ஆய்வுகளைத் தொகுத்து அலசியது. பயிற்சி விபத்துகளைக் குறைக்கிறது என்று உறுதியாகச் சொல்லப் போதிய சான்று இல்லை என்பதே அதன் முடிவு. பல ஆய்வுகள் சரியாக வடிவமைக்கப்படாதவை என்பது ஒரு காரணம். இன்னொன்று என் ஊகம்: பத்து மணி நேரத்தில் கை பழகியது மாதங்களில் மறந்துபோகிறது, ஆனால் 'நான் பயிற்சி பெற்றவன்' என்ற நினைப்பு மறப்பதில்லை. நானே வகுப்பு முடிந்த அடுத்த வாரம் தேவையில்லாத வேகத்தில் போனேன்.

இந்த மறதியை இயந்திரத்தைக் கொண்டு ஈடுகட்டப் பார்க்கிறார்கள். இந்தியாவில் 2018 ஏப்ரலிலிருந்து 125 சிசிக்கு மேற்பட்ட புதிய மாடல்களுக்கும், 2019 ஏப்ரலிலிருந்து பழைய மாடல்களுக்கும் ஏபிஎஸ் கட்டாயமானது. அதற்குக் கீழுள்ளவற்றில், ஒரு பிரேக்கைப் பிடித்தால் இரண்டும் சேர்ந்து பிடிக்கும் ஏற்பாடாவது இருக்க வேண்டும் என்று அப்போது விதித்தார்கள். ஏபிஎஸ் செய்வது, பூட்டப்போகும் சக்கரத்தை விட்டுவிட்டுப் பிடிக்கும் வேலையை மனித விரலைவிடப் பன்மடங்கு வேகமாகச் செய்வதுதான். மாமா பயந்த அந்த ஒரு விஷயத்தை நேர்ச்சாலையில் அது ஏறக்குறைய தீர்த்துவிட்டது. ஆனாலும் லீவரை அழுத்துவது நாம்தான். பயத்தில் விரலே போகாதவனுக்கு ஏபிஎஸ் என்ன செய்யும்?

நம்மூருக்கென்று இப்படி ஒரு வகுப்பு வந்தால் அமெரிக்கப் பாடத்தை அப்படியே எடுத்துவந்தால் போதாது என்பதும் உண்மை. பின்சீட்டில் ஒருபக்கமாக உட்கார்ந்து வரும் அம்மா, நடுவில் குழந்தை, சக்கரத்தை நோக்கிப் பறக்கும் துப்பட்டா, காலிடையே கேஸ் சிலிண்டர். இவையெல்லாம் அங்கே எந்தப் பாடத்திலும் இல்லை. சக்கரத்தில் துணி சிக்காமல் பின்சக்கரத்தில் பாதியையாவது மறைக்கும் தடுப்பு வேண்டும் என்று நம் விதிகளில் இருக்கிறது. புது வண்டி வாங்கியதும் அழகாக இல்லை என்று முதலில் கழற்றி எறிவதும் அதைத்தான். இரண்டு பேரோடு பிரேக் பிடித்தால் எடை எப்படி மாறும், ஒருபக்க எடையோடு வளைவை எப்படி எடுப்பது என்று இங்கேதான் யாராவது பாடம் எழுத வேண்டும்.

காக்ரேன் அறிக்கையில் ஒரு வரி என்னை நிறுத்தி யோசிக்க வைத்தது. கட்டாயப் பயிற்சி ஒருவேளை விபத்தைக் குறைத்தால், அது சிலர் உரிமம் வாங்கும் முயற்சியையே பாதியில் விட்டுவிடுவதாலும் இருக்கலாம் என்கிறது அது. படித்ததும் எங்கள் வகுப்பில் இருந்த ஒருவர் நினைவுக்கு வந்தார். ஐம்பது வயதிருக்கும், ஓய்வுக்குப் பிறகு பைக்கில் ஊர் சுற்றும் கனவோடு வந்தவர். முதல் நாள் மதியத்துக்குள் மூன்று முறை விழுந்தார், ஒருமுறை முறுக்கிக்கொண்டு வேலிவரை போய்விட்டார். இடைவேளையில் பயிற்றுநர் அவரைத் தனியே கூட்டிப்போய் ஐந்து நிமிடம் பேசினார். குரல் எதுவும் உயரவில்லை. பிறகு அவர் ஹெல்மெட்டைக் கழற்றி மேசைமேல் வைத்தார், எங்கள் எல்லோருக்கும் கை கொடுத்தார், தன் காரில் ஏறி சீட் பெல்ட்டைப் போட்டுக்கொண்டு கிளம்பினார்.